அபாயச் சரக்கு லாரிகள்: சாலையோரச் சோதனையில் பார்ப்பது என்ன?

மும்பையிலிருந்து புனே போகும் வழியில், டிரம் ஏற்றிய லாரியைப் போக்குவரத்து அதிகாரிகள் ஓரங்கட்டி நிறுத்தியிருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். ‘ஏதோ பேப்பர் தகராறு’ என்று கடந்து போய்விடுகிறோம். ரசாயனச் சரக்கு என்றால் பேப்பரோடு விஷயம் முடிவதில்லை. டிரம், மூடி, அதில் ஒட்டிய லேபிள் எல்லாமே கணக்கில் வரும்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129 முதல் 137 வரை இதற்கானவை. அபாயச் சரக்கு அடைத்த ஒவ்வொரு பொதியிலும் அதன் வகையைக் காட்டும் சாய்சதுர லேபிள் இருக்க வேண்டும். லாரியின் இரு பக்கமும் பின்புறமும் அவசரத் தகவல் பலகை வேண்டும். சரக்கின் பெயர் குறைந்தது 50 மி.மீ. உயரத்தில், ஐ.நா. வகை எண் 100 மி.மீ. உயரத்தில், கூடவே ஆபத்து நேர்ந்தால் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்.

இத்தனை பெரிய எழுத்து எதற்கு? கார்பைடு கல்லை எடுத்துக்கொள்வோம். தடையை மீறி மாம்பழம் பழுக்க வைக்கிறார்களே, அதேதான். அதில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு கிளம்பும். வெல்டிங் பட்டறையில் எரிவது அந்த வாயுதான். ஆகவே ஈரம் புகாத டிரம்மில்தான் அதை அடைக்க வேண்டும். லேபிள் நீல நிறம், தீச்சுடர் படம், வகை 4.3. ஆடி மாத மழையில், போர்காட் மலைப்பாதையில், மூடி தளர்ந்த ஒரு டிரம் உருண்டால் என்ன ஆகும்? பலகையும் இல்லையென்றால், ஓடி வரும் தீயணைப்பு வீரர் விவரம் தெரியாமல் தண்ணீரைத்தானே பீய்ச்சுவார்!

நாவா ஷேவா துறைமுகம் வழியாக ஏற்றுமதியாகும் டிரம்களில் இன்னோர் அடையாளமும் உண்டு. ‘1எச்1’ என்று பொறித்திருந்தால், முதல் 1 டிரம், எச் பிளாஸ்டிக், கடைசி 1 மேல்தலை கழற்ற முடியாதது. அடுத்து வரும் எக்ஸ், ஒய், இசட் எழுத்துகளில் எக்ஸ்தான் மிகக் கொடிய சரக்குக்கும் தகுதியானது. தயாரித்த ஆண்டும் அதிலேயே இருக்கும். பிளாஸ்டிக் டிரம்முக்குப் பொதுவாக 5 ஆண்டுதான் ஆயுள்.

சோதனையில் முதலில் மாட்டுபவர் டிரைவர்தான். நாமக்கல்லிலிருந்து டேங்கர் ஓட்டி வரும் நம் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். விதியோ சரக்கை அனுப்புகிறவரையும் லாரி உரிமையாளரையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது. சரக்கின் முழு விவரத்தை அனுப்புகிறவர் தர வேண்டும். அது எழுத்தில் டிரைவர் கேபினில் இருக்க வேண்டும். டிரைவருக்கு 3 நாள் பயிற்சிச் சான்றிதழ் அவசியம். விவரமே கொடுக்காமல் அனுப்பிவிட்டு, வழியில் பிடித்தால் டிரைவரைக் கைகாட்டுவது என்ன நியாயம்?

கடைசியாக வீட்டு விஷயம் ஒன்று. தண்ணீர் பிடித்து வைக்க நாம் வாங்கும் நீல டிரம் பழைய சாமான் கடையிலிருந்து வந்ததானால், ஒருதரம் சுற்றிப் பாருங்கள். சாய்சதுர லேபிளோ, அதைக் கிழித்த தடமோ தெரிந்தால் குடிதண்ணீருக்கு அது வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் ரசாயனத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் முழுசாகப் போகாது.