அயலவர் உறக்கமும் அமானிதமே!



திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த நம் தெருக்களில் பல மதத்தவரும் நெருங்கி வாழ்கிறோம். ஒரு கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, நோயாளியையும் பச்சிளங் குழந்தையையும் இரவெல்லாம் வதைத்துவிடும்.

வெலிகம பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி பற்றிய வழக்கில், 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் எல்லா மதத்தவருக்கும் பொதுவாக உத்தரவிட்டது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொலிஸார் அனுமதி வழங்கலாகாது. விசேஷ வைபவமானால், அயலவர் கருத்தை அறிந்த பின்னரே விலக்களிக்கலாம்.

இது நமக்குப் புதிதா? இஃதிகாஃபில் இருந்த நபி (ஸல்) அவர்கள், உரத்த குரலில் குர்ஆன் ஓதியோரை, பிறருக்குத் தொந்தரவாகும் என்று தடுத்தார்கள். குர்ஆன் ஓதுவதற்கே வரம்பு உண்டென்றால், நம் வீட்டுப் பாட்டுக் கச்சேரிக்கு இல்லையா?

அடுத்த வைபவத்துக்கு முன் அயல் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 10 மணிக்கு முன்பே ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லுங்கள்.