உயிர் பிழைத்த பிறகு...

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் தெற்கே செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இப்பகுதியின் பிழைப்புக்கு ஆதாரம். லாரித் தொழிலும் முட்டை வணிகமும் அதை நம்பியே நடக்கின்றன. தலையில் அடிபட்டு வாழ்வு திசைமாறியோர் பலர் வீழ்ந்ததும் அதே சாலையில்தான்.

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. 2022-இல் நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. உயிரைக் காக்கும் ஏற்பாடு வலுத்திருக்கிறது, மகிழ்ச்சி. காப்பாற்றப்பட்டவர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எங்கே இருக்கிறார்? பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில்.

மூளைக்காயம் வெளியே தெரிவதில்லை. திட்டமிடுதல், பொறுமை, சினத்தை அடக்குதல் ஆகியவற்றில் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதிக்குப் பெரும் பங்குண்டு. அங்கே அடிபட்டவர் நன்றாக நடப்பார், பேசுவார். ஆனால், நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் திணறுவார். சற்று நேரத்தில் களைத்துவிடுவார். சொன்னதை மறந்து மீண்டும் சொல்வார், சட்டென்று சீறுவார். காரணம் அறியாத ஊர், 'குடித்திருக்கிறான்' என்று முடிவு கட்டிவிடும். அடுத்த திருமணத்துக்குக் குடும்பமே அவரை அழைத்துச் செல்லத் தயங்கும்.

சட்டமும் இங்கே சற்றுத் தடுமாறுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் மூளைக்காயம் தனித் தலைப்பாக இல்லை. கை, கால் செயலிழந்தால் இயக்கக் குறைபாடு. பேச்சு போனால் பேச்சு, மொழிக் குறைபாடு. நினைவும் நிதானமும் மட்டும் குலைந்தவர் பெரும்பாலும் 'மனநோய்' என்ற தலைப்பின்கீழ்ச் சான்று தேட வேண்டியிருக்கிறது. அந்தப் பெயருக்கு அஞ்சியே சான்றிதழ் வேண்டாம் என்போர் உண்டு. பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பங்கேற்கும் உரிமையை அதே சட்டத்தின் 29-ஆவது பிரிவு பேசுகிறது என்பதைப் பலர் அறியார்.

அவ்வுரிமையை நடைமுறைப்படுத்தப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆடித் திருவிழாவில் வாணவெடியும் மேளமும் முழங்கும் இரவுக்குப் பதிலாக, பொங்கல் வைக்கும் காலை வேளையில் அழைத்துச் செல்லலாம். கூட்டம் சேருமுன் சந்தைக்குப் போய், எழுதிக் கொடுத்த மூன்று பொருள்களை அவரே வாங்கி வரலாம். பால் கூட்டுறவுச் சங்கத்தில் கேன்களை எண்ணுவது போன்ற ஒரே மாதிரியான வேலையை அரை மணி நேரம் தரலாம். அருகில் பழகிய ஒருவர் இருந்தால் போதும். களைப்புத் தெரிந்தவுடன் அவரைத் திரும்ப அழைத்து வரவும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் பொருளாதாரம் இருக்கிறது. இன்று அவர் பெரும்பாலும் மனைவி அல்லது தாய். தறிக்கோ கோழிப்பண்ணைக்கோ போய் ஈட்டிய கூலியை அவர் இழக்கிறார். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வாரத்தில் இரு அரைநாள்கள் வேறொருவர் துணைக்கு வந்தால், அடிபட்டவர் ஊருக்குள் போவார். அவரும் வேலைக்குப் போவார்.

2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அப்படி வருபவர், கை, கால் பயிற்சியோடு நிறுத்தாமல், நோயாளியைத் தெருமுனை நூலகம் வரை உடன் அழைத்துச் சென்று திரும்பினால், அதையும் சிகிச்சையாகப் பதிவேட்டில் எழுத அரசு இடமளிக்க வேண்டும்.