கடலைப் பொட்டலமும் ஓட்டுச் சீட்டும்

பத்துமலையின் 272 படிகளில் பாதி ஏறியிருப்போம். ஆறாம் ஆண்டு படிக்கும் என் அண்ணன் மகனும் அவன் கூட்டாளிகள் மூவரும் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. "குடுடா! குடுடா!" என்று மூவரும் கத்த, இவன் பொட்டலத்திலிருந்து ஒரே ஒரு கடலையை எடுத்து நீட்டினான். குரங்கு அந்தக் கடலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு ஒரே தாவு!

"தனியா வந்திருந்தா நீட்டியிருப்பியா?" என்று கேட்டேன்.

"மாட்டேன் அத்தை. அது பொட்டலத்தைத்தான் பிடுங்கும்னு போன தடவையே பார்த்தேனே."

தெரிந்துகொண்டே நீட்டியிருக்கிறான். தம்பி தங்கைகளே, விஞ்ஞானிகளும் இதைத்தான் வியந்து ஆராய்ந்தார்கள்.

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற இருவர் 306 பேருக்கு ஒரு கார் விளையாட்டைக் கொடுத்தார்கள். திரையில் கார் ஓடும். மஞ்சள் விளக்கு எரியும். எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு புள்ளி. ஆனால் நிறுத்தத் தவறினால் மோதல்தான். சிலரைத் தனியாக ஆட விட்டார்கள். சிலருக்குப் பக்கத்தில் வயதொத்த இருவரை உட்கார வைத்தார்கள். தனியாக ஆடியபோது சிறியவர், பெரியவர் என்று பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்தில் ஆள் வந்ததும் 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் துணிச்சலை ஏகத்துக்கும் கூட்டிவிட்டார்கள். 24 வயதைத் தாண்டியவர்களோ யார் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் ஆடினார்கள். 2005-இல் வெளிவந்த ஆய்வு இது.

காரணம் நம் நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. "பொறு, யோசி" என்று பிரேக் போடும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர 20 வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகும். "ஜாலி, கைத்தட்டல், பரிசு" என்றதும் துள்ளும் பகுதி பதின்ம வயதிலேயே வேகம் எடுத்துவிடும். ஆக்சிலரேட்டர் வந்துவிட்டது, பிரேக் இன்னும் பட்டறையில்!

தமிழில் நாம் இரண்டு விதமாகச் சொல்வோம்: சூட்டோடு சூடாக முடிவெடுப்பது, ஆற அமர யோசிப்பது. மூளைக்கும் இவை இரண்டு வேறு வேலைகள். இந்தியா, தாய்லாந்து உட்பட 11 நாடுகளில், 10 முதல் 30 வயது வரை உள்ள 5,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆற அமர யோசிக்கும் திறன் 16 வயதளவில் பெரியவர்களின் அளவைத் தொட்டுவிடுகிறது. சூட்டில் நிதானம் காக்கும் திறன் அதற்குப் பிறகுதான் வருகிறது.

மேலே குகைக்குள் போய் உட்கார்ந்ததும் மருமகன் ஆரம்பித்தான். "அத்தை, அக்கா ஓட்டுப் போட்டுட்டு விரல் மையைக் காட்டினாளே. எனக்கு எப்போ?"

அந்த மையில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது. தோலில் உள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும், லேசில் போகாது. அவன் அக்கா 2022 பொதுத் தேர்தலில் 18 வயதில் அதை வாங்கிக்கொண்டாள். அதற்கு முந்தைய பொதுத் தேர்தல் வரை 21 வயதானால்தான் ஓட்டு. 2019 ஜூலை 16-ஆம் தேதி, அரசியலமைப்பைத் திருத்தி வயதை 18 ஆக்கும் மசோதாவை மலேசிய நாடாளுமன்ற மக்களவையில் 211 உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். எதிர்த்து ஓர் ஓட்டுகூட இல்லை. ஆனாலும் நடைமுறைக்கு வரத் தாமதமானது. இளைஞர்கள் சிலர் கூச்சிங் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆண்டு முடிவதற்குள் அமலாக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறது. பிறகு வந்த 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலில் வாக்காளர்கள் 2 கோடியே 11 லட்சம் பேர். 2018-இல் அது 1 கோடியே 49 லட்சம்தான்.

அன்று நாங்கள் ஓட்டுப் போட்டது ஒரு பள்ளிக்கூடத்தில். பட்டியல் வயது வரிசையில் இருப்பதால் முதல் சாலுரானில் (வாக்களிக்கும் அறையில்) தாத்தா பாட்டிகள். கடைசி சாலுரானில் அவன் அக்கா வயதுப் பிள்ளைகள். வரிசையில் நிற்கும்வரை ஒரே அரட்டை. மறைப்புக்குப் பின்னால் போனதும் ஒரு சீட்டு, ஒரு பேனா, அவள் மட்டும். "குடுடா" என்று கத்த அங்கே ஆள் கிடையாது. ஆற அமர யோசிக்கவென்றே செய்த இடம் அது!

இன்னொரு வேடிக்கை. நம் நாட்டில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கலாம். ஓட்ட 16, ஓட்டுப் போட 18! பின்னால் கூட்டாளி உட்கார்ந்திருக்க, பக்கத்தில் இன்னொருவன் முறுக்க, சூட்டோடு சூடாக முடிவெடுக்கும் வேலையை முதலில் கொடுத்துவிட்டோம். மூளையைக் கேட்டால் இரண்டு வயதையும் இடம் மாற்றிப் போடச் சொல்லும்.

ஓட்டு வயதை அப்படிக் குறைத்த நாடும் உண்டு. ஆஸ்திரியா 2007-இல் ஓட்டு வயதை 16 ஆக்கியது. தங்கள் கருத்துக்கு ஏற்ற கட்சியைப் பொறுக்குவதில் அந்த 16, 17 வயதுக்காரர்கள் பெரியவர்களுக்குச் சளைக்கவில்லை என்று அங்கே ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். பிரேசிலில் 1988 முதல் 16 வயதினர் விரும்பினால் ஓட்டுப் போடலாம். 6 வயதிலிருந்தே கொடுக்கலாம் என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியராக இருந்தபோது வாதாடியவர்கூட இருக்கிறார். பெயர் டேவிட் ரன்சிமன்.

"எனக்கு 12 வயசு. ஐ.சி.யே எடுத்தாச்சு" என்றான் மருமகன்.

"ஆற அமர யோசிக்கிற திறனே உனக்கு இன்னும் வளர்ந்துட்டு இருக்குடா."

"தாத்தாவுக்கு என் பேரே மறந்துபோகுது. அவர் போடுறாரே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் கேட்டது சரியான கேள்வி. ஓட்டு என்பது பரீட்சையில் தேறியவருக்குக் கொடுக்கும் பரிசில்லை. மூளை எந்த வயதில் என்ன செய்யும் என்று அறிவியல் அளந்து சொல்லும். யாருக்கு உரிமை என்று நாம்தான் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். 18 வயதுப் பிறந்தநாள் காலையில் யார் தலையிலும் புதிதாக ஒன்றும் முளைப்பதில்லை. என்னைக் கேட்டால், 16-ஐப் பற்றி இப்போதே பேசலாம். 12-க்கு இன்னும் ஆதாரம் வேண்டும்.

கீழே இறங்கியதும் ஆதாரம் தேட ஆரம்பித்தோம். "ஐஸ்கிரீமா, தோசையா? கை தூக்குங்க" என்றேன். நால்வரில் உயரமானவன் "ஐஸ்கிரீம்!" என்று கத்த, நான்கு கையும் மேலே போனது. பிறகு ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, திரும்பி நின்று எழுதச் சொன்னேன்.

தோசை மூன்று, ஐஸ்கிரீம் ஒன்று.

உங்கள் வகுப்பிலும் இதைச் செய்து பாருங்கள். ஒரே கேள்வி, முதலில் கை தூக்கி, பிறகு சீட்டில். இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வித்தியாசத்தைப் பாருங்கள்.