பழைய இசைத்தட்டு ஆன்லைன்ல வாங்குறீங்களா? பணம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

சம்பளம் வந்த வாரமே இளையராஜா எல்பி ஒண்ணு 3,000 ரூபாய்க்கு ஆன்லைன்ல கண்ணுல பட்டுச்சு, உடனே ஜிபே பண்ணிடலாமான்னு கை பரபரக்குது. அப்படி இருக்குறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல அந்தத் தட்டு எங்கிருந்து வருதுன்னு கேளுங்க. நம்ம மேலூர், மதுரைப் பக்கம் கைமாறுற பழைய ரிக்கார்டுகள்ல பல, சவுண்ட் சர்வீஸ்காரங்க வச்சிருந்தது. கல்யாணம், காதுகுத்து, திருவிழான்னு குழாய் ஸ்பீக்கர்ல கனமான ஊசியில நூத்துக்கணக்கான தடவை ஓடினது. போட்டோல பளபளன்னு இருக்கும், ஊசியை வச்சா கரகரன்னு இரையும். தூசியைத் துடைக்கலாம், தேஞ்ச வரியைச் சரிபண்ண முடியாது.

விக்கிறவங்க போடுற தரக்குறியீட்டுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. ‘குட்’னு போட்டிருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை. தாவாம ஓடும், ஆனா இரைச்சல் நிறைய இருக்கும், அவ்வளவுதான். நிம்மதியா கேட்கணும்னா ‘வெரி குட் பிளஸ்’ அல்லது அதுக்கு மேல பாருங்க. அதையும் அப்படியே நம்பாம, தட்டு ஓடுற வீடியோ கேளுங்க. குறிப்பா ஒவ்வொரு பக்கத்தோட கடைசிப் பாட்டு வேணும், ஏன்னா உள்வட்டத்துலதான் தேய்மானம் நல்லா காதுல விழும். ஆள் மதுரையிலேயே இருந்தா மாட்டுத்தாவணிக்கு பஸ் ஏறி நேர்ல பார்த்துடுங்க, டிக்கெட் காசு பெரிசில்லை.

விலைக்கு டிஸ்காக்ஸ் தளம் உதவும். அங்க இப்ப கேட்கிற விலையை விட்டுட்டு, இதுக்கு முன்னாடி வித்த விலையைப் பாருங்க. 7 இஞ்ச் இபியை எல்பி விலைக்குத் தள்ளுறவங்களும் உண்டு. 78 வேகத் தட்டுன்னா இன்னும் உஷார், அதுக்கு ஊசியே வேற, இன்னைக்கு வர்ற பல பிளேயர்ல அந்த வேகமே கிடையாது.

வெளிநாட்டு ஆள்கிட்ட வாங்கினா தபால் செலவு, கார்டோட அந்நியச் செலாவணிக் கட்டணம், அதுக்கு ஜிஎஸ்டி எல்லாம் சேரும். பழசுதானேன்னு சுங்கமும் சும்மா விடாது. இதையெல்லாம் கூட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

பணம் கட்டுறதைப் பொறுத்தவரை, பாதுகாப்பு தர்ற தளம் வழியாவே கட்டுங்க. ‘வெளிய வாங்க, 500 குறைச்சுத் தர்றேன்’னு சொன்னா ஒதுங்கிடுங்க. நாமளே யுபிஐல அனுப்பின பணத்தைத் திரும்ப வாங்குறது கஷ்டம். ‘ரீஃபண்ட் வர பின் போடுங்க’ன்னா அது மோசடியேதான், பணம் வாங்க பின் தேவையில்லை. ஏமாந்துட்டா தாமதிக்காம 1930-க்குக் கூப்பிடுங்க.

‘இது முதலீடா சார்?’னு கேட்பீங்க. என் கணக்குல இது பொழுதுபோக்குச் செலவு. இஎம்ஐ போட்டு வாங்குற பேச்சே வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த தட்டைப் பின்னாடி லாபத்துக்கு வித்தா, பொதுவா மூலதன ஆதாய வரி வராது, அது தனிப்பட்ட உபயோகப் பொருள். ஆனா மாசாமாசம் வாங்கி வித்தா அது வியாபார வருமானம், ரிட்டர்ன்ல காட்டியே ஆகணும்.

சித்திரை வெயில்ல கொரியர் வண்டிக்குள்ள தட்டு வளைஞ்சு போகலாம். பார்சலைப் பிரிக்கும்போதே வெட்டாம வீடியோ எடுத்து வச்சுக்குங்க, புகார் கொடுக்க அதுதான் கையில இருக்குற ஆதாரம்.