பழவேற்காட்டிலிருந்து ஆப்பிரிக்க முனைக்கு

பழவேற்காட்டுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளை முதலில் டச்சுக் கல்லறைக்குத்தான் அழைத்துப்போகிறார்கள். வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள், வணிகர்கள், அவர்களுடைய மனைவி மக்கள். 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று முட்புதராகக் கிடக்கிறது. ஆனாலும் கோட்டையை ஆண்டவர்களின் பெயர் கல்லில் நிற்கிறது. அந்தக் கோட்டை வழியாக விற்கப்பட்டவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் கிடையாது.

துணி வாங்கத்தான் டச்சுக்காரர்கள் இங்கே வந்தார்கள். ஆட்களையும் வாங்கினார்கள். பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் சோழமண்டலக் கரையில் மனிதர் விலை சரிந்தது. பெற்றவர்கள் பிள்ளைகளை விற்றார்கள்; கஞ்சிக்கு வழியில்லாமல் தம்மையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமை போரிலும் பஞ்சத்திலும் நொறுங்கியபோது, இந்தக் கரையின் துறைமுகங்களிலிருந்து எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர்வரை கப்பலேற்றப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கும், சிலர் பத்தாவியாவுக்கும் போனார்கள். அதுதான் இன்றைய ஜகார்த்தா.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அப்படிப் பத்தாவியாவில் இருந்த ஒருத்தி கத்ரைன். கம்பெனிப் பதிவேடுகளில் அவள் பெயரோடு ‘பழவேற்காட்டுக்காரி’ என்ற குறிப்பும் சேர்ந்தே வருகிறது. ஏறிய துறைமுகமே அடிமைகளுக்கு ஊர்ப்பெயராக ஒட்டிக்கொள்வதும் அந்நாளில் உண்டு. தன்னோடு உறவிலிருந்த, மலபாரிலிருந்து வந்த ஓர் அடிமையின் சாவுக்கு அவளே காரணம் என்று வழக்கு நடந்து, மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதை ஆயுள்கால நாடுகடத்தலாகக் குறைத்து, 1657இல் ஆப்பிரிக்காவின் தென்கோடியான நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினார்கள். அங்கே கோட்டைத் தளபதியின் வீட்டில் துணி வெளுத்தாள். ஸ்னைமன் என்ற சிப்பாய்க்கு அவளிடம் பிறந்த கிறிஸ்டோஃபல், 1669இல் ஞானஸ்நானம் பெற்றான். விடுதலைக்குப் பின் 1671இல், வங்கத்திலிருந்து வந்த அந்தோணி என்பவரை மணந்தாள். மகன் வளர்ந்து பிரெஞ்சுப் புரட்டஸ்டண்ட் அகதிக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். தென்னாப்பிரிக்காவில் இன்று ஸ்னைமன் என்ற பெயரோடு வாழும் பெருங்குடும்பம் அவன் வழி வந்தது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்த நாட்டில் 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொருவரையும் நிறத்தால் பிரித்துப் பதிவு செய்தது. வெள்ளையராகப் பதிவான ஸ்னைமன்களின் ஆதித்தாய், நம் கரையிலிருந்து போன அடிமைப் பெண். அடிமை முறை இருந்த காலத்தில் முனைக்குக் கொண்டுபோகப்பட்ட ஏறத்தாழ 63,000 பேரில் கால்வாசிப் பேர் இந்தியத் துணைக்கண்டத்தவர். மடகாஸ்கர், மொசாம்பிக், ஜாவாக்காரர்களோடு கலந்து அவர்கள் ஒரே மக்களானார்கள். கறுப்பின வரலாறு என்றால் நமக்கு ஏதோ தூரத்துச் சங்கதி என்று நினைக்கிறோம். அதில் ஒரு கிளை எண்ணூருக்கு வடக்கே, இந்த ஏரிக்கரையில் முளைத்தது.

அமெரிக்காவில் வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் 1926இல் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கியபோது பள்ளிகளைத்தான் நம்பினார். அந்த வாரம் இன்று மாதமாகியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் செப்டம்பர் 24 பாரம்பரிய நாள். பாட்டன் பூட்டன் கதைகளை அன்று சொல்லிக்கொள்கிறார்கள்.

பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பாரம்பரியத்தைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் ஏரியில் வலை போடும் முறை ‘பாடு’. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று சுற்று வைத்துப் பிரிக்கிறார்கள். அந்த உரிமை தகப்பன் வழியில் வருவது. ஒரு மீனவர் வீட்டுப் பையனிடம் கேட்டால், தன் தாத்தாவின் பாடு பற்றிய கதை ஒன்றாவது வைத்திருப்பான். ஓலைப்பெட்டி முடையும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படி ஒரு பரம்பரை உண்டு. அந்தக் கதைகளை வகுப்பில் சொல்லச் சொல்லுங்கள். கத்ரைன் கதையையும் அவற்றோடு சேர்த்துச் சொல்லுங்கள். அவளும் இந்த ஊர்ப் பெயரைச் சுமந்தவள்.

டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் ஒரு பகுதி சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கல்லறை பார்க்கப் புறப்படும் பள்ளி வண்டிகள் முதலில் அங்கே நின்றுவிட்டு வரட்டும்.