முட்டுக்கட்டை (வாகனத் தொங்கல்)

முட்டுக்கட்டை அல்லது பம்ப் ஸ்டாப் என்பது வாகனங்களின் தொங்கல் அமைப்பில், சக்கரம் மேல்நோக்கி நகரும் தூரத்தின் இறுதியில் பொருத்தப்படும் மீள்தன்மையுள்ள கட்டை ஆகும். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது அச்சு, சட்டகத்தின் (சேசி) மீது நேரடியாக மோதாமல் இது காக்கிறது. இது இல்லையெனில் அதிர்வு ஏற்பி உள்ளே இடித்து உடையலாம். இலைவில் (பட்டை) எதிர்த்திசையில் வளையலாம். டயர் மட்காப்பில் உரசலாம்.

== செயற்பாடு ==
வில்லும் அதிர்வு ஏற்பியும் தாங்கியது போக எஞ்சிய ஆற்றலையே முட்டுக்கட்டை ஏற்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு சக்கரத்தின் மேலுள்ள 500 கிலோகிராம் நிறை, நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கட்டையைத் தொடுவதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 250 ஜூல். இது 25 மில்லிமீட்டரில் நிறுத்தப்பட்டால் சராசரி விசை 10,000 நியூட்டன். 50 மில்லிமீட்டரில் நிறுத்தப்பட்டால் 5,000 நியூட்டன். எனவே கட்டையின் கடினத்தைவிட, அது நசுங்கக்கூடிய தூரமே முதன்மையானது.

== பொருள் ==
திண்ம ரப்பரின் கனஅளவு அழுத்தத்தால் ஏறக்குறைய மாறுவதில்லை. உயரம் குறையும்போது அது பக்கவாட்டில் பிதுங்குகிறது. கிண்ணம் போன்ற இறுக்கமான உறைக்குள் வைத்தால் பிதுங்க இடமின்றி இரும்பு போலாகிவிடும். நுண்துளைப் பாலியூரித்தேன் நுரையிலோ உள்ளிருக்கும் காற்றறைகளே நசுங்குகின்றன. ஆகவே அது அதிகம் பிதுங்காமல், தன் உயரத்தில் பாதிக்கு மேல் சுருங்கும். தொடக்கத்தில் மென்மையாகவும் இறுதியில் கடினமாகவும் எதிர்க்கும்.

ரப்பர், ஏற்ற ஆற்றலின் பெரும்பகுதியை உதைப்பாகத் திருப்பித் தருகிறது. 1967இல் தொடங்கிய மெக்சிக்கோவின் பாஹா 1000 போன்ற பாலைவனப் பந்தயங்களில் ஓடும் சரக்குந்துகள், இதனால்தான் எண்ணெயும் நைட்ரசனும் நிரப்பிய நீரியல் முட்டுக்கட்டைகளைப் பயன்படுத்துகின்றன.

== தேர்வும் மாற்றமும் ==
2004இல் அறிமுகமான ஏழாம் தலைமுறை டொயோட்டா ஹைலக்சில் முன்புறம் சுருள்வில்லும் பின்புறம் இலைவில்லும் உள்ளன. இத்தகைய வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்துவோர் சிலர், கட்டையின் அடியிலும் 50 மில்லிமீட்டர் இடைத்துண்டு சேர்க்கின்றனர். அவ்வாறு செய்தால் சக்கரத்துக்கு மேல்நோக்கிக் கூடுதலாக நகர இடமே கிடைப்பதில்லை. அளந்து பார்ப்பதே முறை: வில்லைக் கழற்றி, அச்சைச் சாக்கியால் மெல்ல உயர்த்தி, அதிர்வு ஏற்பி முழுதும் மூடுவதற்குச் சற்று முன் நிறுத்தி, அந்நிலையில் எஞ்சும் இடைவெளியை அளக்க வேண்டும். முழுதும் நசுங்கிய கட்டையின் உயரம் இவ்விடைவெளிக்குக் குறையக்கூடாது. ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தியும் சோதிக்க வேண்டும். பெரிய டயர் உரசுவது பெரும்பாலும் அப்போதுதான் தெரியும்.

முன்புறக் கட்டை சக்கரத்துக்கு உட்புறமாக, கீழ்க்கையின் நடுப்பகுதியருகே அமையும்போது நெம்புகோல் விளைவு உண்டு. கட்டை 20 மில்லிமீட்டர் நசுங்கினால் சக்கரம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் நகரும். கட்டையின் மீதான விசையும் சக்கரத்தில் உள்ளதைப் போல் இருமடங்காகும்.

தாழ்த்தப்பட்ட வண்டிகளில் கட்டையை வெட்டிக் குட்டையாக்குவது வழக்கம். கூம்பிய நுனியை வெட்டினால் மென்மையான தொடக்கம் போய்விடும். ஆகையால் தடித்த அடிப்பகுதியை வெட்டுவதே நல்லது. அடியில் உலோகத் தகடு ஒட்டப்பட்டிருந்தால் அதற்கு வழியில்லை, குட்டையான வேறு கட்டையை வாங்கவேண்டும்.

அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டி எப்போதும் கட்டையின் மீதே அமர்ந்து ஓடும். அந்நிலையில் வளைவில் திரும்பும்போது பின்புறம் திடீரெனக் கடினமாகி, பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து வழுக்கக்கூடும். கட்டையை உயரமாக்குவது இதற்குத் தீர்வாகாது.