களம் தேடிச் சென்ற எழுத்து

உப்பளத் தொழிலாளரைப் பற்றி எழுதப் புகுந்த நாவலாசிரியை ராஜம் கிருஷ்ணன், வீட்டிலிருந்தபடியே கற்பனை செய்யவில்லை, தூத்துக்குடிக்கே சென்றார். உப்பு நீரில் நின்று புண்ணாகும் கால்களையும், வெண்மையின் கூச்சத்தால் மங்கும் கண்களையும் உடைய மக்களோடு பழகினார். 1979-இல் 'கரிப்பு மணிகள்' பிறந்தது. படகர் வாழ்வைக் கூறும் அவரது 'குறிஞ்சித் தேன்' நாவலுக்கு நீலகிரியே பள்ளிக்கூடம்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் அத்தகைய எழுத்தாளருக்காகக் காத்திருக்கிறது. 2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழியர் நோயுற்றதும் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். மறியலைச் செய்தித்தாள்கள் எழுதின. அப்பெண்கள் உறங்கிய அறைகளை, ஊருக்கு அனுப்பிய பணத்தின் கதையை யார் எழுதுவார்? தொழிற்சாலை வாயிலில் அயலாருக்கு அனுமதி அரிது. சுங்குவார்சத்திரத்துத் தேநீர்க் கடையிலோ எவரும் அமரலாம்.